‘ஸ்ட்ராங் சூட்’ என்ற ஆங்கில மரபுத்தொடரைப் பயன்படுத்துவது எப்படி?

ஒருவர் எந்த வேலையில் அல்லது எந்தக் குணத்தில் வல்லவரோ அதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங் சூட்’ என்பார்கள். தமிழில் ‘கைவந்த கலை’ என்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில் இது பொருந்தும்.

இதில் வரும் ‘சூட்’ உடுத்தும் உடை அன்று; சீட்டாட்டச் சொல். 52 சீட்டுகள் உள்ள கட்டில் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று இனத்துக்கு 13 சீட்டுகளாக நான்கு இனங்கள் உண்டு. அந்த இனத்துக்குத்தான் சூட் என்று பெயர். பிரிட்ஜ் ஆட்டத்தில் நால்வருக்கும் சீட்டுகளைப் பிரித்துக் கொடுத்த பிறகு, ஏஸ், ராஜா, ராணி போன்ற பெரிய சீட்டுகள் ஒருவர் கையில் எந்த இனத்தில் சேர்ந்து அமைகின்றனவோ அதுவே அவருடைய வலுவான சூட்.

வாக்கியத்தில் திறமையின் பெயரை எழுவாயாக வைத்து, ‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹர்’ போன்ற உடைமைச் சொல்லோடு இத்தொடரைச் சேர்க்க வேண்டும்: ‘டிராயிங் இஸ் ஹர் ஸ்ட்ராங் சூட்’. ‘ஐ ஆம் ஸ்ட்ராங் சூட் இன் மேத்ஸ்’ என்பது பிழை. ஏனெனில் சூட் என்பது திறமையே தவிர ஆள் அன்று.

இத்தொடர் எதிர்மறையில்தான் மிக அழகாக அமைகிறது என்பது என் கருத்து. ‘பேஷன்ஸ் இஸ் நாட் மை ஸ்ட்ராங் சூட்’ என்று ஒருவர் சொன்னால், தமக்குப் பொறுமை போதாது என்பதை நயமாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் மேலதிகாரி ஒருவர், கீழே பணிபுரிபவரைப் பற்றி, ‘பங்சுவாலிட்டி இஸ் நாட் எக்ஸாக்ட்லி ஹிஸ் ஸ்ட்ராங் சூட்’ என்று சொன்னால், சொற்கள் மென்மையாக ஒலித்தாலும் அதை ‘நேரத்துக்கு வருவதே இல்லை’ என்ற குறையாகவே கொள்ள வேண்டும். ‘எக்ஸாக்ட்லி’ சேரும்போது அந்தக் குத்தல் இன்னும் கூடுகிறது.

நேர்காணலில் இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உடனே ஒரு சான்றையும் சொல்லுங்கள். கணக்கு சரிபார்ப்பது உங்கள் பலம் என்றால், எந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே கூற வேண்டும். தன்விவரக் குறிப்பில் மட்டும் ‘ஸ்ட்ரென்த்ஸ்’ என்ற நேரடிச் சொல்லே போதும்.

எழுதும்போது ‘சூட்’ என்பதன் கடைசியில் ‘ஈ’ என்ற எழுத்தைச் சேர்த்துவிடாதீர்கள்; சேர்த்தால் அது ‘ஸ்வீட்’ என்று ஒலிக்கும், ஓட்டலின் பெரிய அறைத்தொகுதியைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடும்.