இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வது

“எந்தப் பிரிண்டர் வாங்கலாம்?” என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது ஒரு தாள் அச்சடித்தீர்கள் என்பது. “பையனின் ஹால் டிக்கெட், போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ” என்று பதில் வந்தால், பாட்டிலிலிருந்து மை ஊற்றி ஓட்டும் இங்க் டேங்க் பிரிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு, ஜெராக்ஸ், பிரிண்ட் எல்லாம் சேர்ந்த கடை என்னுடையது. அத்தகையவர்கள் என் கடைக்கே வந்து போனால் அவர்களுக்கும் காசு மிச்சம், எனக்கும் வியாபாரம்.

காரணம் எளிது. இந்த மை நீர் கலந்தது. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக அது தாளில் விழுகிறது. வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் துளையிலேயே காய்ந்துவிடும். அதைத் திறக்க ஹெட் கிளீனிங் (துளைகள் உள்ள ஹெட் பகுதியை மையாலேயே கழுவுவது) கொடுப்பீர்கள். தாளில் விழவேண்டிய மை வீணாகப் போகும். லேசர் பிரிண்டரில் இருப்பது தூள், காய்வதற்கு எதுவும் இல்லை. எப்போதாவது, அதுவும் கறுப்பில் மட்டும் என்றால் சிறிய லேசர் போதும். வாரம் ஒருமுறையாவது, கலரிலும் வேண்டும் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

அடுத்தது மையின் வகை. விற்பனையாளர்கள் இதைச் சொல்வதே இல்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. என் தொழிலில் இதுதான் தலையாய விஷயம். மையில் டை, பிக்மென்ட் என்று இரண்டு உண்டு. டை மையில் நிறம் முழுக்கக் கரைந்திருக்கும்; தாளின் இழைக்குள் ஊறி இறங்கும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகளாக மிதக்கும். தாளின் மேற்பரப்பில் படிந்து நிற்கும். சாதாரண ஏ4 தாளில் பிக்மென்ட் கறுப்பு கூர்மையாக, அடர்த்தியாகத் தெரியும். பளபளப்பான போட்டோ தாளில் டை மைதான் அழகு.

கடைக்குப் போனால் கறுப்பில் நாலு வரி அடித்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் காயவிட்டு, ஈர விரலை எழுத்தின் மேல் ஒரு இழுப்பு இழுங்கள். டை மை என்றால் விரல் போன வழியெல்லாம் சாம்பல் கறை நீளும், எழுத்தின் விளிம்பு பஞ்சாகும். பிக்மென்ட் என்றால் தாள் நனையும், எழுத்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாதிச் சான்றிதழைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தபடி வரிசையில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. கியூஆர் குறியீட்டின் கட்டங்கள் பெருமளவு ஒன்றோடொன்று கலந்துவிட்டால், எதிரில் இருப்பவர் செல்பேசியை எத்தனை கோணத்தில் பிடித்தாலும் அது திறக்க மறுக்கும்.

எப்சன் எல்3210, எல்3250 ஆகிய மாடல்களுக்குரிய 003 மை வரிசையில் நான்கு நிறமும் டை. அதே நிறுவனத்தின் 001 வரிசையில் கறுப்பு மட்டும் பிக்மென்ட். கேனன் ஜி2010, எச்பியின் ஜிடி53 மை எடுக்கும் மாடல்கள், பிரதரின் டி வரிசை ஆகியவற்றிலும் கறுப்பு பிக்மென்ட், கலர் டை. பத்திரம், சான்றிதழ், பில் என்று ஓடும் கடைக்கு நான் பிக்மென்ட் கறுப்பைத்தான் சொல்வேன். பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கலர் படம், எப்போதாவது போட்டோ என்றால் நான்கும் டையாக இருப்பதில் குறையில்லை. போட்டோவே தொழில் என்றால் எப்சன் எல்8050 போன்ற ஆறு நிற மாடல்களுக்குப் போய்விடுங்கள். எல்8050 பிவிசி அடையாள அட்டையிலும் நேரடியாக அடிக்கும்.

மை கணக்குக்கு வருவோம். பாட்டிலின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். எப்சன் 003 கறுப்பு 65 மில்லி. நிறுவனம் அறிவித்திருப்பது 4,500 பக்கம். கேனன் ஜிஐ-790 கறுப்பு 135 மில்லி. அறிவிப்பு 6,000 பக்கம். மில்லி இரண்டு மடங்குக்கும் மேல், பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். ஆகவே பாட்டில் விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்து ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா என்று பாருங்கள். இந்த எண்ணிக்கையும் குறிப்பிட்ட சில மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்துக் கணக்கிட்டது. முழுப்பக்கக் கல்யாணப் படமோ கட்சி நோட்டீஸோ அடித்தால் அதன் பக்கத்தில்கூட வரமாட்டீர்கள். முதன்முதலில் ஊற்றும் மையில் கணிசமான பங்கு குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும் என்பதால், முதல் செட் சீக்கிரம் தீர்ந்தால் பதற வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகமும் அப்படித்தான். எல்3250க்கு நிமிடத்துக்கு 33 பக்கம் என்பது வெளிறிய டிராஃப்ட் முறையில். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில் அளந்தால் கறுப்பு 10, கலர் 5. ஒப்பிடும்போது ஐஎஸ்ஓ எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

தாள் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நம் ஊர் வேலைக்குக் கட்டாயம் பார்க்கவேண்டும். முதுகுப் பக்கம் நிமிர்ந்த தட்டில் தாள் வைக்கும் மாடல்களில் தாள் அதிகம் வளையாமல் இறங்கும். அடியில் தட்டு உள்ளவற்றில் தாள் உள்ளே போய் அப்படியே திரும்பி வெளியே வரும். தூசி படியாது, மேசையில் இடமும் மிச்சம். ஆனால் தடித்த முத்திரைத்தாளுக்கும் பத்திரம் எழுதும் பச்சைத் தாளுக்கும் பின்பக்கத் தட்டுதான் தோது. அரைப் பக்கம் இறங்கிய முத்திரைத்தாள் உள்ளே சிக்கிக் கசங்கினால், கசங்கியது வெறும் தாள் அல்ல, காசு. ஆவண எழுத்தர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

ஸ்கேனர் கண்ணாடியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டு மாடல்கள் பெரும்பாலானவற்றில் அது ஏ4 அளவுதான். தாய்ப் பத்திரம் அதைவிட நீளம். கீழே உள்ள கையெழுத்தும் முத்திரையும் கண்ணாடிக்கு வெளியே நிற்கும். மேலிருந்து தாளை இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் உள்ள மாடல்கள் பல, ஏ4ஐவிட நீளமான லீகல் தாளை ஏற்கும். ஆனால் மடிப்பில் கிழிந்து, ஒட்டுப் போட்ட பழைய பத்திரத்தை ஏடிஎஃப்பில் செருகும் துணிச்சல் எனக்கு இல்லை. கண்ணாடியில் இரண்டு தடவையாக வைத்து எடுத்து ஒட்டிக்கொள்வேன்.

இனி, பிரிண்டர் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எப்சனும் பிரதரும் பயன்படுத்துவது பீசோ ஹெட். மின்சாரம் பட்டதும் நுண்தகடு நெளிந்து மையைத் தள்ளும். சூடு இல்லாததால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஹெட் இயந்திரத்தோடு பிணைந்தது. அது போனால் மாற்றும் செலவைக் கேட்டபின் பலர் புதிய பிரிண்டரே வாங்கிவிடுகிறார்கள். கேனனும் எச்பியும் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளுகின்றன. அந்த ஹெட் தேயக்கூடியது; ஆனால் ஜி2010 போன்ற மாடல்களில் நாமே கழற்றிப் புதியதை மாட்டலாம். உங்கள் ஊரிலிருந்து சேவை மையம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தால், இது பெரிய வசதி.

கிளீனிங்கில் வழியும் மை எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. உள்ளே ஒரு பஞ்சு இருக்கிறது, அதில் போய்ச் சேருகிறது. எவ்வளவு மை சேர்ந்தது என்று பிரிண்டரே கணக்கு வைத்திருக்கும். வரம்பு தாண்டியதும் வேலைநிறுத்தம். கேனன் ஜி2010இல் 5பி00 என்ற பிழை எண் வருவது இதற்குத்தான். பிறகு வந்த ஜி2020, ஜி3020 மாடல்களில் இந்த வீண் மை சேரும் எம்சி-ஜி02 என்ற சிறு பெட்டியை நாமே மாற்றிக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவர் இப்படி மாற்றத்தக்க பெட்டி உள்ள மாடலுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. மார்ச் மாதம், மாணவர் கூட்டம் வாசலில் நிற்கும்போது பஞ்சு நிரம்பியதாகச் செய்தி வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு.

வைஃபை இருக்கட்டும், வீட்டில் எல்லாரும் செல்பேசியிலிருந்துதான் அடிப்பார்கள். இருபுறமும் தானே அடிக்கும் வசதி, புத்தகம் போல் நிறையப் பக்கம் அடிப்பவர்களுக்கு மட்டும் தேவை. உத்தரவாதத்தில் ஓராண்டு என்று மட்டும் பார்க்காதீர்கள். “அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முந்துகிறதோ” என்று அடுத்த வரியில் இருக்கும். சுறுசுறுப்பான கடையில் பக்கம்தான் முந்தும்.

வாங்கிக்கொண்டு போனபின் செய்யவேண்டியவை கொஞ்சம். சமதளமான மேசையில் வைத்து, நிறம் பார்த்து மை ஊற்றுங்கள். முதல் நிரப்புதல் முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. மின்தடை உள்ள நாளில் ஆரம்பிக்காதீர்கள். யுபிஎஸ்ஸில் தாராளமாக இணைக்கலாம், இது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சிறிய யுபிஎஸ்ஸில் லேசரை மாட்டக்கூடாது. அணைப்பதை எப்போதும் பிரிண்டரின் பொத்தானிலேயே செய்யுங்கள். சுவிட்சு போர்டில் தட்டினால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காராமல் நடுவழியில் நின்று காயும். டேங்கில் கீழ்க்கோடு தெரியும்வரை காத்திருக்காமல் மை ஊற்றுங்கள். குழாய்க்குள் காற்று புகுந்தால் வெளியேற்றுவது தலைவலி. அச்சில் கோடு விழுந்தால் நாசில் செக் (துளைகள் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பக்கம்) அடித்துப் பாருங்கள், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு கிளீனிங். அதிலும் சரியாகாவிட்டால் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போகாமல், அணைத்து ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். ஊறிய மை பல நேரம் தானே இளகிவிடும்.

லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும் மையை, உத்தரவாதக் காலம் முடியும்வரையாவது தொடாதீர்கள். பில்லையும் வரிசை எண்ணையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகள் தரும், சூட்டில் அச்சாகும் பில், நாளடைவில் வெள்ளைத் தாளாக வெளிறிவிடலாம்.