ரோஜா இலையைத் திருப்பிப் பாருங்கள், மருந்தை அப்புறம் எடுக்கலாம்

ஓசூரில் நர்சரி வைத்திருக்கும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "அக்கா, ரோஜா இலை மஞ்சளா கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தின் பெயரை உடனே சொல்ல மாட்டேன். மஞ்சளானது அடியிலுள்ள முற்றிய இலையா, நுனிக் கொழுந்தா? இலையின் முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது? இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் மருந்துப் பேச்சு.

செடி எந்த ஊரில் நிற்கிறது என்றும் கேட்பேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். குளிரும் பனியும் உண்டு, பூஞ்சண நோய்க்கு அதுவே போதும். மலை இறங்கி கிருஷ்ணகிரி, தர்மபுரி போனால் வெயிலும் உப்புத் தண்ணீரும்தான் தொல்லை. ஒரே நாற்றை இரண்டு ஊரிலும் நட்டால் இரண்டு விதமாக நோகும்.

புரட்டாசி, ஐப்பசி மழையில் வருவது கரும்புள்ளி. இலையின் மேல்பக்கம் கருப்பு வட்டங்கள் விழும். ஓரம் சீராக இருக்காது, இழை இழையாகப் பிரிந்திருக்கும். சுற்றி மஞ்சள் பரவி இலை உதிரும். அடியிலிருந்து மேலே ஏறி, கடைசியில் குச்சி மட்டும் நிற்கும். இந்தப் பூஞ்சணம் உள்ளே நுழைய இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் இலை மேல் தண்ணீர் ஊற்றினால் அந்த ஈரத்தை நாமே ராத்திரி முழுக்கக் கொடுத்துவிடுகிறோம். காலையில் ஊற்றுங்கள், வேரில் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, கீழே கிடப்பதையும் ஒன்று விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போட வேண்டாம். மழைத்துளி தெறித்துத்தான் அடுத்த இலைக்கு நோய் போகிறது. இதைச் செய்தபின் மேங்கோசெப் என்ற பூஞ்சண மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, இலையின் இரு பக்கமும் நனைய அடியுங்கள். மழை நிற்காவிட்டால் ஏழு முதல் பத்து நாளில் மறுபடி. விழுந்த புள்ளி மறையாது. புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள்.

மார்கழி, தை வந்தால் சாம்பல் நோய். கொழுந்து சுருண்டு, மாவு தூவியது போல வெள்ளை படியும், மொட்டுக் காம்பும் வெளுக்கும். கரும்புள்ளி போல இதற்கு ஈர இலை வேண்டாம். பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் போதும். யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்த இளந்தளிரில் இன்னும் வேகமாகப் பிடிக்கும். நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்பர்) லிட்டருக்கு 2 கிராம் அடித்தால் நன்றாகக் கேட்கும். வெயில் 32 டிகிரி தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

பசுமைக்குடில்களில் 'டவுனி' என்று பயப்படும் நோய் வேறு. நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலாக ஊதா நிறத் திட்டுகள் வரும், தொட்டாலே இலை உதிரும். கந்தகம் இதற்கு வேலை செய்யாது. செடிகளுக்கு நடுவே காற்றோட்டம் கொடுத்து, மெட்டலாக்சில் கலந்த மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் அடிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பங்குனி, சித்திரையில் மொட்டைமாடி ரோஜா புழுதி படிந்த மாதிரி வெளுத்தால் செஞ்சிலந்தியைச் சந்தேகப்படுங்கள். இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். முற்றினால் மெல்லிய வலையே கட்டிவிடும். இது பூச்சி இனம் அல்ல, சிலந்தி இனம். அதனால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு வாங்கிய மருந்து பெரும்பாலும் இதைத் தொடாது. இதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று, தொல்லையைப் பெருக்கியும் விடும். நான் முதலில் சொல்வது தண்ணீர்தான். காலையில் ஹோஸ் பைப்பை வைத்து இலையின் அடிப்பக்கத்தை வேகமாகக் கழுவுங்கள், சில நாள் தொடர்ந்து. வெயிலில் இலை சீக்கிரம் காய்ந்துவிடும், கரும்புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 1 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பக்கம் நனைய அடியுங்கள். முட்டை தப்பித்துவிடும் என்பதால் ஐந்தாறு நாளில் மறுபடி அடித்தே ஆக வேண்டும்.

இனி மருந்தே தேவைப்படாத மஞ்சள். நுனிக் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. தர்மபுரி, பாலக்கோடு பக்கத்து வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரில், மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேர்த்து இலையில் அடியுங்கள். போர் தண்ணீரில் கலக்கினால் பழுப்பாகித் திரிந்துவிடும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள், கலக்கியதும் அடித்துவிடுங்கள். முடிந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது தொட்டிக்கும் ஊற்றுங்கள். தொழு உரமும் தாராளமாகப் போடுங்கள்.

இதே அடையாளம் முற்றிய இலையில் இருந்தால் மக்னீசியம் குறை, எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம். நரம்போடு சேர்ந்து அடியிலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுங்கள். இலை ஓரத்தில் அச்சு வைத்து வெட்டியது போல அரைவட்டம் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். அது கூடு கட்டத் துண்டு எடுத்துப்போன இலைவெட்டித் தேனீ, செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

மருந்து அடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். குல்கந்து போடப் பன்னீர் ரோஜா வைத்திருப்பவர்கள் அந்தச் செடியில் நான் சொன்ன பூஞ்சண மருந்து எதையும் அடிக்க வேண்டாம். இலை கிள்ளுவதும் தண்ணீரில் கழுவுவதும் மட்டும் போதும்.