கலோரிக் கணக்கு எங்கே உதைக்கிறது?

“அளவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை இறங்க மாட்டேன் என்கிறது.” இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 1992-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, “1,200 கலோரிக்கு மேல் போவதே இல்லை, ஆனாலும் இளைக்கவில்லை” என்று புலம்பியவர்களையே தேடிப் பிடித்து அளந்து பார்த்தது. அவர்களுடைய உடம்பு கலோரியை எரிக்கும் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆயிரம் சாப்பிட்டதாக எழுதியிருந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் உள்ளே போயிருந்தது. செய்த உடற்பயிற்சியையும் அவர்கள் கூட்டித்தான் எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டைக் கண்ணால் அளந்தால் யாருக்கும் கணக்கு உதைக்கும், அவ்வளவுதான்.

ஆரம்ப எண்ணிலேயே கோளாறு

கலோரிக் கணக்குப் போடும் மொபைல் ஆப்பில் வயது, உயரம், எடை போட்டதும் “உங்களுக்கு இத்தனை கலோரி” என்று ஓர் எண் வருகிறது. பல ஆப்களில் அதற்குப் பின்னால் இருப்பது 1990-ல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். கிலோ எடையை 10-ஆல் பெருக்கி, செ.மீ. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். 35 வயது, 160 செ.மீ., 72 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 1,384 வருகிறது. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிப்பது இது.

அப்புறம்தான் வினை. இதை நம் நடமாட்டத்துக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். நாற்காலியிலேயே நாள் கழிபவர்களுக்கு 1.2, வாரத்தில் நாலைந்து நாள் வேர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.55. இந்த இடத்தில் நாம் எல்லோருமே நமக்கு நாமே கொஞ்சம் தாராளமாக மார்க் போட்டுக்கொள்கிறோம். 1.2 என்றால் அந்தப் பெண்ணுக்கு 1,661, 1.55 என்றால் 2,145. இடையில் 484 கலோரி. தினம் 500 குறைக்கிறேன் என்று கிளம்பியவரின் திட்டம், முதல் நாள் ஆப்பில் விரல் பட்ட இடத்திலேயே காலி. சந்தேகமாக இருந்தால் ஒரு படி கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சூத்திரமும் உத்தேசம்தான். மூன்று வாரம் எடை எப்படிப் போகிறது என்று பார்த்து, அதன்படி எண்ணைத் திருத்திக்கொள்வதுதான் சரி.

கரண்டியில் ஒளிந்திருப்பது

மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்புக்கு 9. இது பலருக்கும் தெரியும். சமைக்கும்போதுதான் மறந்துபோகிறது.

ஒரு நாள் எண்ணெய் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். வழக்கம்போல “கொஞ்சமாக” வாணலியில் ஊற்றினேன். மறுபடி பாட்டிலைத் தராசில் வைத்தால் 31 கிராம் குறைந்திருந்தது. ஏறக்குறைய 280 கலோரி. அதுவரை என் குறிப்பில் அதை “எண்ணெய், ஒரு டீஸ்பூன்” என்று எழுதி வந்திருக்கிறேன், அதாவது 40 கலோரி. காய்கறி நல்லது என்று நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காயோடு சேர்த்து என்ன சாப்பிட்டேன் என்பதைத் தராசு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வேர்க்கடலையும் இதே ரகம்தான். 30 கிராமில் 170 கலோரி இருக்கிறது. ஒரு கைப்பிடி என்பது யாருடைய கை, எவ்வளவு பசி என்பதைப் பொறுத்து அதைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிடும். சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்க வேண்டாமே என்று வாயில் போட்டது, நின்றுகொண்டே எடுத்துக் கொறித்தது எல்லாம் எந்தக் குறிப்பிலும் ஏறுவதில்லை. குடிப்பதும் அப்படித்தான். நாளைக்கு நாலு கப் காபி, கப்புக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 130 கலோரிக்குப் பக்கம். பால் கணக்கு தனி.

இன்னொரு வழுக்கல் உண்டு. 100 கிராம் வேகாத அரிசியில் 360 கலோரி இருக்கும். வெந்த சோறு 100 கிராமில் 130-தான், ஏனென்றால் பாதிக்கு மேல் தண்ணீர். வேகாத எடைக்கு வெந்ததன் எண்ணை ஆப்பில் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வரும்.

இதற்காக ஆயுள் முழுக்கத் தராசும் கையுமாக அலைய வேண்டியதில்லை. இரண்டு வாரம் எடை போட்டுப் பார்த்தாலே கண்ணுக்கு அளவு பழகிவிடும்.

ஒரேயடியாகக் குறைப்பது

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தவறுதான். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். கொடுத்தது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, கூடவே நிறைய நடை. அவர்கள் இளைத்தார்கள், அதோடு எரிச்சலும் சோர்வும் வந்தன. பேச்சு, நினைப்பு, கனவு எல்லாம் சாப்பாடாகவே ஆனது. சிலர் சமையல் குறிப்புகளை வெட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் உடம்புக்குப் போதாத அந்த அளவைவிடவும் குறைவாக, 1,000 கலோரி டயட் என்று நம்மில் பலர் திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை கைவிடுகிறோம். அதற்கு மனவுறுதி இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம் வேறு.

வாரக் கணக்கைப் போட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். ஐந்து நாள் தினம் 400 குறைவாகச் சாப்பிட்டால் 2,000 மிச்சம். பசி தாங்காமல் இரண்டு நாள் நாளுக்கு ஆயிரம் கூடுதலாகப் போனால் மிச்சம் பூஜ்யம். தினம் 300 மட்டும் குறைத்து ஏழு நாளும் ஓட்டியிருந்தால் 2,100 கிடைத்திருக்கும். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ இறங்கினால் போதும். 800 கலோரிக்குக் கீழே போவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் இருந்தவர்கள் தாங்களாக எதையும் குறைக்கக் கூடாது.

குறைக்கும்போது புரதத்தில் கை வைக்காதீர்கள். கொழுப்போடு தசையும் கரையாமல் அது ஓரளவு காக்கும், வயிறும் நிறைந்தாற்போல் இருக்கும்.

கைக்கடிகாரம் சொல்வதை நம்பி

உடற்பயிற்சியில் 400 எரித்தேன், அதனால் 400 சாப்பிடலாம் என்பது பெரிய பொறி. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தபோது, இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரியில் இருப்பதிலேயே தேவலை என்ற கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. பயிற்சி செய்யுங்கள். அந்த எண்ணைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

எடை மெஷினோடு சண்டை

முதல் வாரத்தில் இரண்டு கிலோ போனால் குதிக்க வேண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு கிலோ ஏறினால் அழவும் வேண்டாம். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமுக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் வெளியேறுவது அதுதான். உப்பு கூடிய ஒரு சாப்பாடு, மாதவிடாய் நாட்கள், மலச்சிக்கல் எல்லாம் முள்ளை நகர்த்தும். தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்த எடை, சில மாதங்களில் நின்றுவிடும். சரி, உடம்பு பழகிவிட்டது என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் முதலில் சூத்திரத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். 72 கிலோவில் 1,661 செலவழித்த அதே பெண், 62 கிலோவில் 1,541-தான் செலவழிக்கிறார். பத்துக் கிலோ குறைந்த உடம்புக்குத் தினம் 120 கலோரி குறைவாகப் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்.