கார் ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை அடித்தால் என்ன செய்வது?

2024 அக்டோபர் மழையில் வெள்ளத்துக்குப் பயந்து சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த வாரம் நானும் என் பெட்ரோல் காரை முதலில் தெருமுனைக்கு, அப்புறம் எதிர்வீட்டு மேட்டுக்கு, மறுபடி கொஞ்சம் தள்ளி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம்கூட ஓடவிடாமல் அணைத்துக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது.

இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ' என்பார்கள். இன்ஜின் சூடேறாதபோது வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் போகும். சூடாவதற்குள் அணைத்தால் எரியாத மிச்சம், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். நனைந்த பிளக்கில் பொறி சரியாக வராது, நாம் பதறிப்போய் செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் பெட்ரோல்தான் உள்ளே போகும். அதனால் தயவுசெய்து முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள்.

ஒன்று கவனம்: வண்டி வெள்ளத்தில் நின்று இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் செல்ஃபே அடிக்கக் கூடாது. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வேறு கதை, நேராக மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வெறும் பெட்ரோல்தான் என்றால் ஏசி, லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க, தரையைத் தொடும் வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) வைத்த பெரும்பாலான கார்களில் இப்படி முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்றுபோய் காற்று மட்டும் உள்ளே வரும். நமக்கு வேண்டியதும் காற்றுதான், ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று வேண்டும். இன்ஜெக்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் என்ற இழுப்புக் குமிழை உள்ளே தள்ளிவிட்டு இதையே செய்யுங்கள்.

ஐந்து முதல் பத்து விநாடி சுற்றுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆறட்டும். மூன்றாவது முறை எனக்கு இரண்டு தடவை இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த நொடியில் காலை மெதுவாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் எகிறிவிடும். பின்னால் கொஞ்சம் கரும்புகை வரும், பயப்பட வேண்டாம். எடுத்ததும் அணைத்துவிடாமல் இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

நாலைந்து முறைக்கும் மசியவில்லை என்றால் பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான். முனை கறுத்து, எண்ணெய் தடவினது போல ஈரமாகப் பளபளக்கும். துணியால் துடைத்துக் காயவைத்து மாட்டலாம், பழசாகிவிட்டால் புதுசே போடுங்கள், சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

அக்கம்பக்கத்தில் "தள்ளி எடுத்துடலாம் சார்" என்று வருவார்கள். வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அதன் விலை சின்ன விலை இல்லை.

வண்டி ஓடிய பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ ஆயில் அளவு ஏறியிருந்தாலோ சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். என்னைப் போல எடுத்து எடுத்து இடம் மாற்றாமலே அடிக்கடி இப்படி ஆனால் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.