பிளாஸ்மான் லேசர் வடிவமைப்பு: முதலில் சாயம், அப்புறம்தான் உலோகம்

உலோகத் துகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதைத்தான் பிளாஸ்மான் என்கிறோம்; அந்த அதிர்வைக் கொண்டு இயங்கும் மிகச் சிறிய லேசர்தான் பிளாஸ்மான் லேசர். இதைக் கேட்டதும் பலரும் உலோகத் துகளின் வடிவத்தை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி, ஒரு வாரத்தை வீணாக்கினேன். உலோகம் ஒளியை மிகச் சிறிய இடத்தில் பிடித்து வைக்கும். அதில் ஒரு பங்கை வெப்பமாக்கியும் விடும். இந்த இழப்பை அடக்குவதுதான் முக்கிய வேலை.

படி 1: சாயம். துகள்களைச் சுற்றி இருந்து ஒளியைப் பெருக்கித் தருவது சாயம். எந்த அலைநீளத்தில் லேசர் கிடைக்கும் என்பதையும் அதுதான் முடிவு செய்யும். ஐஆர்-140 சாயம் 800 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி, அதைவிடச் சற்று நீண்ட அலைநீளத்தில் ஒளிரும். அங்கே தங்கம் போதும். பச்சை, நீலம் என்றால் தங்கமே ஒளியை உறிஞ்சிவிடும், வெள்ளிதான் சரி. ஆனால் வெள்ளி காற்றில் கறுத்துப்போகும்.

படி 2: இடைவெளி. தனித் துகளின் ஒத்ததிர்வு அகலமானது. துகள்களைச் சதுர வரிசையில் அடுக்கினால், ஒன்று சிதறடிக்கும் ஒளி அடுத்ததன் அதிர்வோடு தாளம் தப்பாமல் சேரும். ஒத்ததிர்வு கூர்மையாகும், இழப்பு குறையும். 2013இல் அமெரிக்க வேதியியலாளர் டெரி ஓடம் குழுவினர் இப்படியான வரிசையைக் கொண்டு அறை வெப்பநிலையிலேயே லேசரைப் பெற்றார்கள்.

கணக்கு எளிது: அலைநீளம் = இடைவெளி (ஒரு துகளின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை) × ஒளிவிலகல் எண். சாயம் கரைந்த திரவத்தின் எண் 1.48, இடைவெளி 600 நானோமீட்டர் என்றால் 888. துகள் பெரிதானால் விடை கொஞ்சம் நகரும்.

படி 3: இரு பக்கமும் ஒரே ஒளிவிலகல் எண். கீழே கண்ணாடி, மேலே காற்று என்று விட்டால் அந்தக் கூர்மை கெட்டுவிடும். மேலேயும் கண்ணாடிக்கு நெருங்கிய எண் கொண்ட திரவம் இருக்கட்டும்.

படி 4: துகள் அளவு. 130 நானோமீட்டர் விட்டம், 50 நானோமீட்டர் உயரம் என்று தொடங்குங்கள். ஒளியின் போக்கைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் மீப் மென்பொருளில் விட்டத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். உலோகத்தின் ஓரத்தில் மெஷ் (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் அளவு) 2 நானோமீட்டருக்கு மேல் வேண்டாம். நான் 10 வைத்தபோது வந்த அழகான உச்சம், மெஷ்ஷைச் சிறிதாக்கியதும் காணாமல் போனது!

தங்கம் கண்ணாடியில் ஒட்ட இடையில் பூசும் குரோமியமும் ஒளியைத் தின்னும். 2 நானோமீட்டரோடு நிறுத்துங்கள்.

படி 5: சோதனை. பம்ப் ஆற்றலை, அதாவது சாயத்தைத் தூண்டப் பாய்ச்சும் ஒளியின் ஆற்றலை, கூட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் வெளிவரும் ஒளி திடீரென ஏற வேண்டும், அங்கேயே நிறமாலைக் கோடு குறுக வேண்டும், கற்றையும் ஒரே திசையில் போக வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் லேசர் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். வெறும் சாய ஒளிர்வாகவும் இருக்கலாம்.