மிச்சிகனில் முதல் வீடு: பள்ளி வரியும் 2368 படிவமும்

நோவை, டிராய், கேன்டன் பக்கம் வீடு பார்க்கத் தொடங்கியதும், விளம்பரத்தில் போட்டிருக்கும் சொத்து வரித் தொகையை வைத்துத்தான் பலர் மாதக் கணக்குப் போடுகிறார்கள். அது விற்பவர் கட்டுகிற வரி. உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் அதைவிட அதிகம். காரணம் 1994-ல் இருக்கிறது.

அதுவரை இங்கே பள்ளிகள் பெரிதும் உள்ளூர் சொத்து வரியை நம்பியே நடந்தன. கல்காஸ்கா என்ற வடபகுதி ஊரில் வாக்காளர்கள் பள்ளி வரிக்கு ஒப்புதல் தராததால், 1993 மார்ச்சிலேயே பள்ளிகளை மூடிவிட்டார்கள். கல்வியாண்டு முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. அதே ஆண்டு, பள்ளி நடத்தும் செலவுக்கான உள்ளூர் சொத்து வரியைச் சட்டமன்றம் அடியோடு நீக்கியது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1994 மார்ச் 15 அன்று 'புரொபோசல் ஏ' என்ற அரசமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது. கூடுதல் 2 சதவீதம் முழுவதும் பள்ளி நிதிக்கே போகிறது.

ஆனால் வீட்டின் மீதான பள்ளி வரி முழுதாகப் போய்விடவில்லை. மாநிலக் கல்வி வரி 6 மில் எல்லா வீட்டுக்கும் உண்டு. ஒரு மில் என்பது வரி மதிப்பில் (வரி போட எடுத்துக்கொள்ளும் மதிப்பு) 1,000 டாலருக்கு 1 டாலர். பள்ளிக் கட்டடக் கடனுக்கான வரியையும் எல்லாரும் கட்ட வேண்டும். இவை போக, பள்ளி நடத்தும் செலவுக்கு 18 மில் வரை தனியாக உண்டு. கடை, வாடகை வீடு, காலி மனை ஆகியவற்றுக்கு மட்டும்தான் அது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு விலக்கு இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதற்கான படிவம் 2368. உங்கள் நகரம் அல்லது டவுன்ஷிப்பின் அசெஸர் (சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரி) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஜூன் 1-க்குள் கொடுத்தால் அந்த ஆண்டின் கோடை பில்லிலிருந்தே விலக்கு கிடைக்கும். நவம்பர் 1-க்குள் கொடுத்தால் குளிர்கால பில்லுக்கு. வீடு உங்கள் பெயரில் இருந்தால் போதாது, கெடு நாளுக்குள் குடியேறியும் இருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்கள் என்ன சான்று தேவை என்று க்ளோசிங்குக்கு (வீட்டைக் கைமாற்றிக் கையெழுத்திடும் நாள்) முன்பே அசெஸரிடம் கேட்டுவிடுங்கள். உரிமை மாறியதைத் தெரிவிக்கும் 2766 படிவம் வேறு. அதை 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால் நாளுக்கு 5 டாலர் என 200 டாலர் வரை அபராதம். இரண்டிலும் க்ளோசிங் மேசையில் கையெழுத்து வாங்குவார்கள். போய்ச் சேர்ந்ததா என்று பிறகு பார்ப்பவர் குறைவு. இரண்டு வாரம் கழித்து அசெஸர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, விலக்கு 100 சதவீதம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். தவறவிட்டிருந்தாலும் ஜூலை அல்லது டிசம்பரில் கூடும் உள்ளூர் வரி மறுஆய்வுக் குழுவிடம் நடப்பாண்டுக்கும் முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது சிக்கல் வரி மதிப்பு. அசெஸர் போடும் மதிப்பீட்டு மதிப்பு சந்தை விலையில் பாதி. வரி மதிப்போ ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக்கூடாது. அதனால் இருபது வருடம் இருந்தவரின் வரி மதிப்பு கீழேயே தங்கியிருக்கும். வீடு கைமாறியதும், அடுத்த ஆண்டு அது மதிப்பீட்டு மதிப்புக்கு ஒரே தாவாகத் தாவும்.

கணக்காகப் பாருங்கள். 4 லட்சம் டாலர் வீடு. மதிப்பீட்டு மதிப்பு 2 லட்சம், விற்பவரின் வரி மதிப்பு 1,20,000, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான மொத்த வரி விகிதம் 40 மில் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் கட்டியது 4,800 டாலர். நீங்கள் அடுத்த ஆண்டு கட்டுவது 8,000. 2368 படிவம் போகாமல் இருந்தால் இன்னும் 18 மில் சேர்ந்து 11,600. வங்கி எஸ்க்ரோவை (சொத்து வரிக்காகத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) பழைய பில்லை வைத்தே கணக்கிட்டிருந்தால், பற்றாக்குறைக் கடிதமும் தவணை உயர்வும் ஒன்றாக வந்து சேரும். ஆகவே விலை பேசும் முன்பே மாநிலக் கருவூலத்தின் இணையதளத்தில் உள்ள வரி மதிப்பீட்டுப் பக்கத்தில் மதிப்பீட்டு மதிப்பைப் போட்டுப் பார்த்து, வித்தியாசத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

பிப்ரவரி வாக்கில் வரும் மதிப்பீட்டுக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள மதிப்பீட்டு மதிப்பின் இரண்டு மடங்கு உண்மையான சந்தை விலையைத் தாண்டினால், மார்ச் மறுஆய்வுக் குழுவிடம் போங்கள். டிசம்பர் 31-க்கு முன் உங்கள் தெருவில் விற்ற, அதே அளவுள்ள மூன்று நான்கு வீடுகளின் விலைகளைக் கையில் கொண்டு போங்கள். "வரி அதிகமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. மார்ச்சைத் தவறவிட்டால், மதிப்பை எதிர்த்து ஜூலை 31-க்குள் வரித் தீர்ப்பாயம் போகும் வழியும் அடைபடும்.

விற்பனை வரியில் புரிந்துகொள்ள அதிகமில்லை. எந்த ஊரிலும் 6 சதவீதம்தான், உள்ளூர்ச் சேர்க்கை கிடையாது. அரிசி, பருப்பு, காய்கறிக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கும் வரி இல்லை. ஓட்டல் தோசைக்கு உண்டு. வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் பழைய 4 சதவீதமே. தெரிந்தவரிடம் பழைய கார் வாங்கினால் பெயர் மாற்றும்போது 6 சதவீதம் கட்ட வேண்டும். கொடுத்த விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மீது கணக்கிடுவார்கள். விலையைக் குறைத்து எழுதாதீர்கள்.

பள்ளிக்குப் பணம் இப்போது மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநிலத்திலிருந்து வருகிறது. அக்டோபர் முதல் புதன்கிழமை தலை எண்ணும் நாள். பிப்ரவரி இரண்டாம் புதன் இன்னொன்று, நிதிக் கணக்கில் அதற்குப் பங்கு குறைவு. நவராத்திரிக்கு ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் முதல் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பிள்ளை வகுப்பில் இருப்பது பள்ளிக்குப் பெரிய உதவி.

வேலை மாறி டெக்சஸுக்கோ சென்னைக்கோ கிளம்பி வீட்டை வாடகைக்கு விட்டால், 90 நாளுக்குள் 2602 படிவம் கொடுத்து விலக்கை நீக்க வேண்டும். நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். கண்டுபிடித்தால் நடப்பாண்டோடு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து விலக்கை ரத்து செய்து, மாதம் 1.25 சதவீத வட்டியோடு பில் அனுப்புவார்கள். வாடகையை முடிவு செய்யும்போதே அந்த 18 மில்லைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.