கண் திறக்காத பூனைக்குட்டிகள் கையில் கிடைத்தால்

என் அத்தையின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக, 1970களில் தைக்கப்பட்ட, கோச் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தோல் கைப்பை ஒன்றைப் பல மாதங்கள் தேடி வாங்கி, அதன் பருத்தி உறையோடும் அட்டைப் பெட்டியோடும் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு அலமாரிக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. மறுநாள் விடியற்காலையில் அந்த உறையின் மேல், எலிக்குஞ்சுகளைவிடச் சற்றே பெரிதாக, நான்கு பூனைக்குட்டிகள் கிடந்தன. இருட்டு, ஒடுக்கம், மெத்தென்ற துணி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைந்ததைக் கண்ட எங்கள் தெருப்பூனை, அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் வெளியே போன தாய், பிறகு திரும்பவே இல்லை. அடுத்து வந்த வாரங்களில் கால்நடை மருத்துவர் சொல்லித் தந்தவற்றையும், நானே தவறு செய்து கற்றுக்கொண்டவற்றையும், இதே நிலையில் திகைத்து நிற்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தாய் வருமா என்று முதலில் பாருங்கள்

குட்டிகள் தனியாகக் கிடப்பதைக் கண்டவுடன் அள்ளிக்கொண்டு வந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் பிழை. தாய்ப்பூனை இரை தேடிச் சில மணி நேரம் விலகியிருப்பது இயல்பு. ஓரிடம் பாதுகாப்பாகத் தோன்றாவிட்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்துப் பிடரியில் கவ்வி வேறிடத்துக்கு மாற்றும் என்பதால், நாம் பார்ப்பது பாதி முடிந்த குடிபெயர்வாகவும் இருக்கலாம். ‘குட்டி போட்ட பூனை போல அலைகிறான்’ என்று நாம் சொல்வது இந்த அலைச்சலைத்தான். மனித வாடை பட்டால் தாய் குட்டியைச் சேர்க்காது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது சரியன்று. தேவையின்றித் தொடக் கூடாதுதான். ஆனால் ஆபத்தான இடத்தில் கிடக்கும் குட்டியை இரண்டடி தள்ளி வைத்ததற்காக எந்தத் தாயும் அதைக் கைவிட்டுவிடுவதில்லை.

வயிறு உருண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உறங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது என்றே கொள்ளலாம். ஓயாமல் கத்திக்கொண்டு, தொட்டால் சில்லென்று, வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். மறைந்திருந்து பார்க்க நேரமில்லாதவர்கள், குட்டிகள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிச் சுற்றிலும் மெல்லிய வளையமாகக் கோலப்பொடியைத் தூவி வைக்கலாம். தாய் வந்து போனால் அதன் காலடி பதிந்திருக்கும். பச்சரிசி மாவைத் தூவிவிடாதீர்கள். எறும்பு வந்துவிடும். கண் திறக்காத குட்டிகளுக்கு எறும்பு சாதாரணத் தொல்லையன்று, உயிருக்கே ஆபத்து. எறும்பு மொய்த்தாலும், மழையில் நனைந்தாலும், காகமோ நாயோ நெருங்கினாலும், உடம்பு சில்லிட்டிருந்தாலும் காத்திருக்காமல் உடனே எடுத்துவிட வேண்டும்.

பாலுக்கு முன் சூடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுக்கத்தின் மூலம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் திறன் கிடையாது. தாயின் வயிற்றுச் சூட்டையும் உடன்பிறந்தவற்றின் சூட்டையும் நம்பியே அது வாழ்கிறது. உடல் வெப்பம் இறங்கிவிட்டால் குடலின் அசைவு நின்றுபோகிறது. அப்போது உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கிவிடும், அல்லது விழுங்கும் வலு இல்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். நான்கில் மிகச் சிறிய குட்டியை நான் இழந்தது இப்படித்தான். பசியால் வாடுகிறதே என்ற பதற்றத்தில், அது சில்லென்றிருப்பதைக் கவனிக்காமல் பால் கொடுத்தேன். இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

குட்டி சில்லிட்டிருக்கிறதா என்று அறிய, சுண்டுவிரலை அதன் வாய்க்குள் மெல்ல வைத்துப் பாருங்கள். வாயின் உட்புறம் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் சூடேற்ற வேண்டும். நெஞ்சோடு அணைத்து, மேலே துண்டைப் போர்த்திக்கொள்வதே கைவசம் உள்ள எளிய வழி. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி இறுக மூடி, இரண்டு சுற்று துண்டால் சுற்றி அருகில் வைக்கலாம். துணிப்பையில் அரிசியைக் கட்டிச் சூடாக்கி, நம் முன்கையில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகு வைக்கலாம். சுடுநீரில் முக்குவதும், முடி உலர்த்தும் கருவியை நேராகக் காட்டுவதும் வேண்டாம். முற்றிலும் சில்லிட்ட குட்டிக்கு மெதுவாகத்தான் சூடு ஏற வேண்டும்; ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

தங்குவதற்கு, பக்கம் உயர்ந்த அட்டைப் பெட்டி ஒன்று போதும். முதல் வாரத்தில் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. அதன் பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். வெப்பம் தரும் பொருளைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டுமே வைக்க வேண்டும். அதிகமாகச் சுட்டால் குட்டி ஊர்ந்து மறுபாதிக்குப் போய்விடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் வைத்தால் சூடே கொன்றுவிடும் என்பதையும், குளிர்சாதனம் ஓடும் அறையிலோ மின்விசிறிக்கு நேர் கீழேயோ வைத்தால் எந்த மாதத்திலும் சில்லிட்டுவிடும் என்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பால் புகட்டுதல்

வீட்டுப் பசும்பால் வேண்டாம். பூனையின் பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு. அதிலுள்ள பால்சர்க்கரை குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். இத்தனை சிறிய உடம்பு ஒரு நாள் வயிற்றுப்போக்கிலேயே நீரற்றுப் போகும். தண்ணீர் கலந்து நீர்க்கக் கொடுத்தால் செரிக்கும் என்று சொல்வார்கள். அதனால் இருக்கிற சத்தும் பாதியாகும், அவ்வளவுதான். பூனைக்குட்டிகளுக்கென்றே செய்த பால்பொடி செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அது கைக்கு வந்து சேரும்வரை, உடம்பு சூடான குட்டிக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக ஓரிரு வேளைக்கு மட்டும் கொடுத்துச் சமாளிக்கலாம். குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வேறொரு பூனை அறிந்தவர் வீட்டில் இருந்தால், அது எந்தப் பால்பொடியைவிடவும் மேல். பல பூனைகள் பிறர் குட்டிகளையும் நக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் குழந்தைக்குச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டிப் பழகிய கை, பூனைக்குட்டியையும் மல்லாத்திப் பிடித்து வாயில் ஊற்றப் பார்க்கும். அதைச் செய்யவே கூடாது. தாயிடம் குடிக்கும்போது இருப்பது போல, குட்டி குப்புறப் படுத்து, நான்கு காலும் துண்டில் ஊன்றி, தலை சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சே முதல் வாரத்துக்கு ஏற்ற கருவி. அதன் நுனியை வாயோரமாக வைத்து, குட்டி தானே சப்ப விட்டு, துளித்துளியாகத் தள்ள வேண்டும். மூக்கு வழியே பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிடுங்கள். நுரையீரலுக்குள் பால் போய் வரும் நிமோனியா, கையால் வளர்க்கப்படும் குட்டிகள் பலவற்றைப் பலிவாங்குகிறது.

பால் மணிக்கட்டில் விட்டால் சுடாமலும் குளிராமலும் இருக்க வேண்டும். 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 மி.லி. பால் தேவைப்படும், அதை எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 2.5 மி.லி. வருகிறது. அந்த வயிறு ஒரு முறைக்கு 4 மி.லி.க்கு மேல் கொள்ளாது என்பதால், ‘இன்னும் கொஞ்சம் குடிக்கிறதே’ என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும் எழுந்துதான் கொடுக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை போதும். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் நாளே நமக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பால் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. மூன்று வாரம் ஆகும்வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்கத் தெரியாது. தாய் நக்கித் தூண்டிவிடும். அந்த வேலையும் இப்போது நம்முடையது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், ஒவ்வொரு வேளையும் வாலின் அடிப்பகுதியில் மெல்லத் தடவிக்கொடுங்கள். சில நொடிகளில் பஞ்சு மஞ்சளாகும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் நல்லது. அடர்ந்த நிறத்தில் இருந்தால் உடம்பில் நீர் குறைகிறது என்று பொருள். மலம் கடுகு அரைத்த விழுதின் நிறத்தில் வரும், தினமும் வராமலும் இருக்கலாம்.

தராசும் குறிப்பேடும்

சமையலறை மின்தராசின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள். பிறந்த குட்டி 100 கிராம் அளவில் இருக்கும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏற வேண்டும். எடை ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள். இறங்கினால் மருத்துவரிடம் கிளம்புங்கள். சோர்ந்து துவண்டு கிடத்தல், வாய் திறந்து மூச்சு விடுதல், ஈறு வெளுத்துப்போதல் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் ஏதும் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது; நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஒரே நிறத்தில் இரண்டு குட்டிகள் இருந்தால் அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டாதீர்கள். நகம் ஒன்றில் ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்தால் போதும்.

சுத்தம் செய்கிறேன் என்று பெட்டியைச் சுற்றிப் பினாயிலும் டெட்டாலும் ஊற்றுவது, குட்டிக்கு நஞ்சு வைப்பதற்குச் சமம். இவ்வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாராசிட்டமால் மாத்திரையும் இதே காரணத்தால் பூனையைக் கொல்லும். துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் இந்தப் பட்டியலில் சேரும். தோல் கைப்பைக்குப் பூச்சி வரக் கூடாது என்று நான் போட்டிருந்த நான்கு உருண்டைகளை அன்று முதலில் தேடியெடுத்து வெளியே எறிந்தேன். தெள்ளுப்பூச்சி இருந்தால், நாய்களுக்கு விற்கும் மருந்தைத் தொடவே வேண்டாம். நெருக்கமான பல்லுள்ள ஈர்கோலியால் சீவி, அகப்படுவதைச் சோப்பு நீரில் போடுங்கள். ரத்தம் உறிஞ்சப்பட்டு ஈறு வெளுத்த குட்டி ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கண் திறந்த பிறகு

ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் கண்கள் தாமாகத் திறக்கும். நாம் விலக்கிப் பார்க்கக் கூடாது. எல்லாக் குட்டிகளுக்கும் அப்போது கண் நீலமாகவே இருக்கும், பிறகுதான் நிறம் மாறும். மூன்றாம் வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும், நடை தள்ளாடும். வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை எடையைக் காட்டி மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்தில் தாழ்ந்த தட்டில் ஆற்று மணலை வைத்தால் ஓரிரு நாளில் தாமாகவே பழகிவிடும். கட்டிப்படும் வகை மணலைக் குட்டிகள் தின்றுவிடும் என்பதால் தவிர்க்கவும்.

அதே வாரத்தில் திட உணவு தொடங்கலாம். இங்கே நம் வழக்கமான பால்சோறும் தயிர்சோறும் வயிற்றை நிரப்புமே தவிர, பூனையை வளர்க்காது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் நாளடைவில் பார்வையும் இதயமும் கெடும். குட்டிகளுக்கான உணவை அதே பால்பொடியில் கரைத்த பாலில் குழைத்துக் கொடுக்கலாம். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து உதிர்த்த எலும்பில்லாத கோழியையும் இடையிடையே தரலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். பெண்குட்டிகள் நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடியவை என்பதால் கருத்தடைக்கான தேதியையும் அப்போதே கேட்டுவையுங்கள்.

எட்டு வாரம் முடியாமல் எந்தக் குட்டியையும் பிறர் கையில் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு வாரமானால் இன்னும் நல்லது. வாங்குபவர் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு ரிப்பன் கட்டித் திடீரென்று நீட்டப்படும் குட்டிகளில் சில, அடுத்த மாதமே தெருவுக்கு வந்துவிடுகின்றன. என் அத்தையோ, அறுபதாம் கல்யாணத்தன்று கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, பருத்தி உறையில் தோய்த்தும் போகாத கறை எதனால் வந்தது என்று கேட்டார். சொன்னேன். மிச்சமிருந்த மூன்று குட்டிகளில் ஒன்றை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பத்தாவது வாரத்தில், தடுப்பூசி அட்டையோடு, கொண்டுபோய்க் கொடுத்தேன்.